கார்புரேட்டர் முதல் இன்ஜெக்டர் வரை: அரைச் சொட்டு பெட்ரோலின் கதை

மார்கழி மாதக் காலை. நெய்வேலி டவுன்ஷிப்பில் பனி இறங்கிக் கிடக்கிறது. முதல் ஷிப்ட்டுக்குப் போக வேண்டியவர் தன் மாருதி 800-ல் ஏறி உட்கார்ந்து சோக்கை இழுக்கிறார். சாவியைத் திருப்புகிறார். கர்ர்... கர்ர்... ம்ஹூம். ஆக்சிலேட்டரை ரெண்டு மிதி மிதித்துவிட்டு மறுபடி திருப்புகிறார். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. "ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு சார், கொஞ்ச நேரம் விட்டுட்டு அடிங்க" என்று பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்து ஒரு குரல் வருகிறது.

1990-களில் கார் வைத்திருந்த எந்த வீட்டிலும் நடந்திருக்கக்கூடிய காட்சி இது. இன்று சாவியைத் திருப்பினால் அல்லது பட்டனை அழுத்தினால் போதும், எந்தக் குளிரிலும் வண்டி பிடித்துக்கொள்கிறது. சோக் என்ற குமிழே காரில் இல்லை. அது எங்கே போனது? அது செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? மாற்றத்தைக் கொண்டு வந்தது வேகமா, மைலேஜா, வேறு ஏதாவதா? விடை தேடிப் போனால் ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரி, ஒரு உலகப் போர், டெல்லி உச்ச நீதிமன்றம் என்று பல ஊர் சுற்ற வேண்டியிருக்கிறது. வாருங்கள், போய் வருவோம்.

எரிப்பது என்பது ஒரு கணக்கு

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 9000 லிட்டர் காற்று வருகிறது! நாம் பங்க்கில் காசு கொடுத்து வாங்குவது பெட்ரோலை மட்டும்தான். காற்று இலவசம் என்பதால் அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

பெட்ரோல் அதிகமாகி காற்று குறைந்தால் அது 'ரிச்' கலவை. கரும்புகை, கார்பன் மோனாக்சைடு, வீணாகும் பெட்ரோல். காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்தால் 'லீன்' கலவை. இன்ஜின் திணறும், சூடேறும். நடுவில் இருக்கும் அந்த 14.7-ஐப் பிடிப்பதுதான் விளையாட்டே.

இது கார் இன்ஜினுக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. நெய்வேலி அனல் மின் நிலையத்தின் கொதிகலனிலும் இதே கதைதான். லிக்னைட்டைப் பொடியாக்கி, காற்றோடு சேர்த்து உள்ளே ஊதி எரிக்கிறார்கள். காற்று குறைந்தால் எரியாத கரி வீணாகும். கூடினால் வெப்பம் புகைபோக்கி வழியாக வெளியே ஓடிவிடும். வித்தியாசம் அளவில்தான். அங்கே டன் கணக்கு. மாருதி 800-ன் ஒரு சிலிண்டரில், காற்று முழுதாக நிரம்பினாலும் ஒரு தடவைக்கு வேண்டிய பெட்ரோல் சுமார் 0.03 மில்லி. அதாவது அரைச் சொட்டுக்குக் கொஞ்சம் கூட. 3000 ஆர்.பி.எம்-ல் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் இந்த அளவை நொடிக்கு 25 தடவை சரியாக எடுத்துக் கொடுக்க வேண்டும்.

உறிஞ்சிக் குடிக்கும் கார்புரேட்டர்

இந்த வேலையை நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்து வந்தது கார்புரேட்டர். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 1893-ல் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரை உருவாக்கினார். அதே சமயத்தில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் அதே வழியில் யோசித்தார்கள்.

தத்துவம் ரொம்ப எளிது. காற்று போகும் குழாயை ஓரிடத்தில் இடுப்பு போலக் குறுக்கிவிட்டால் அங்கே காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறையும். அந்த இடத்தில் ஒரு சின்னத் துளையை வைத்தால், பக்கத்தில் மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தானாக உறிஞ்சப்பட்டுத் தூறலாகக் கலந்துவிடும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் வரும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

ஆனால் கார்புரேட்டர் எதையும் அளப்பதில்லை, குத்துமதிப்பாகத்தான் கொடுக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் மனிதர் சோக்கை இழுத்து, காற்றை மறித்து, கலவையை ரிச் ஆக்க வேண்டியிருந்தது. ஊட்டி மலை ஏறினால் காற்று லேசாகிவிடும், அதுவும் தெரியாது. கார்புரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சிலிண்டருக்கு ஒரு அளவு, தள்ளி இருக்கும் சிலிண்டருக்கு வேறு அளவு என்று பந்தியில் ஓரவஞ்சனை வேறு!

இந்தக் குறைகளை ஈடுகட்டியது மெக்கானிக்கின் காது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஐடிலிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி, சத்தத்தைக் கேட்டே "இப்ப சரியா இருக்கு" என்று சொன்னவர்கள் அவர்கள்.

பழுப்பு நிலக்கரியும் போர் விமானமும்

நெய்வேலிக்காரர்களுக்கு லிக்னைட் என்றால் கரண்ட். 1935-ல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக வந்த பொருள், 1956-ல் ஒரு கம்பெனியாகி, 1962-ல் மின்சாரமாக மாறியது. ஆனால் அதற்கு முன்பே ஜெர்மனி லிக்னைட்டில் இருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல்!

ஜெர்மனியில் எண்ணெய்க் கிணறுகள் குறைவு, பழுப்பு நிலக்கரி ஏராளம். மிக அதிக அழுத்தத்தில் நிலக்கரியோடு ஹைட்ரஜனைச் சேர்த்து எண்ணெயாக்கும் முறையை பெர்கியஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். 1927-ல் லூனா என்ற ஊரில் லிக்னைட்டில் இருந்து பெட்ரோல் எடுக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படை எரித்த பெட்ரோலில் பெரும்பகுதி இப்படி நிலக்கரியில் இருந்து தயாரானதுதான்.

அந்தப் பெட்ரோல் போய்ச் சேர்ந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் டெய்ம்லர்-பென்ஸ் 601 இன்ஜினில் கார்புரேட்டர் கிடையாது. பாஷ் நிறுவனம் 1927 முதல் டீசல் இன்ஜின்களுக்கு இன்ஜெக்‌ஷன் பம்ப் செய்து வந்தது. அதையே பெட்ரோலுக்கு மாற்றியமைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நேரடியாகப் பீய்ச்ச வைத்தார்கள்.

எதிரில் நின்ற பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜினில் இருந்தது மிதவைக் கிண்ணம் வைத்த கார்புரேட்டர். விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மேலே எழும்பிவிடும், இன்ஜின் ஒரு கணம் பட்டினி கிடக்கும். அடுத்து பெட்ரோல் வெள்ளமாகப் பாய்ந்து மூச்சுத் திணறும். நம்ம ஊர் மாருதி மார்கழியில் செய்த அதே 'ஓவர்ஃப்ளோ', ஆனால் நடு வானத்தில், பின்னால் எதிரி துரத்தும்போது! மெஸ்ஸர்ஷ்மிட் விமானிக்கு இந்தக் கவலை இல்லை. மூக்கைக் கீழே தள்ளித் தப்பித்துவிடுவார்.

1941-ல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், பெட்ரோல் பாய்வதைக் கட்டுப்படுத்தும் சின்ன உலோக வளையம் ஒன்றைச் செய்து மெர்லினின் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தார். ஆனால் பாடம் பதிவாகிவிட்டது. உறிஞ்சிக் குடிப்பதை விட அளந்து ஊட்டுவது மேல்.

கார்களுக்கு வந்த கதை

போர் முடிந்ததும் இந்த வித்தை கார்களுக்கு இறங்கியது. 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல் பாஷின் நேரடி பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. அருமையான கார். ஆனால் பம்ப் இன்ஜினோடு இணைந்தே சுற்றியதால், சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் நிற்கும்வரை பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அது சிலிண்டர் சுவரில் இருந்த ஆயிலைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். விலையோ பணக்காரர்களுக்கு மட்டும்.

அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957-ல் எலெக்ட்ரோஜெக்டர் என்ற ஒன்றை அறிவித்தது. பம்ப்பே அளக்க வேண்டாம், பம்ப் அழுத்தத்தை மட்டும் கொடுக்கட்டும். எவ்வளவு நேரம் வால்வு திறந்திருக்க வேண்டும் என்பதை மின்னணுப் பெட்டி சொல்லட்டும். இதுதான் யோசனை. இன்று வரை நடப்பது இதே யோசனைதான். ஆனால் அன்றைய எலக்ட்ரானிக்ஸ் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1958-ல் சில டஜன் கிரைஸ்லர் கார்களில் பொருத்தினார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அப்புறம் கார்புரேட்டரே மாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று!

காப்புரிமைகள் பாஷ் கைக்குப் போயின. 1967-ல் 'டி-ஜெட்ரானிக்' என்ற பெயரில் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் அது வெற்றிகரமாக ஓடியது. எந்தச் சந்தைக்காகத் தெரியுமா? அமெரிக்காவுக்காக. காரணம் வேகம் இல்லை, புகைச் சட்டம். கலிஃபோர்னியாவில் வாகனப் புகைக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. இந்தக் கதையின் திருப்புமுனை இங்கேதான்.

பாகங்கள்: யார், என்ன வேலை?

சரி, அமைப்புக்குள்ளே போய்ப் பார்ப்போம். காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி இதை ஒரு கம்பெனியாகவே வைத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் பம்ப்: டேங்குக்குள்ளேயே மூழ்கி இருக்கும் மின் மோட்டார் பம்ப். இவர் ஸ்டோர் கீப்பர். சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் இவரைக் குளிர்விக்கிறது. டேங்கை எப்போதும் ரிசர்வில் வைத்தே ஓட்டினால் பம்ப் சூடாகிச் சீக்கிரம் கெட்டுப் போகும் என்று சொல்வது இதனால்தான்.

ஃபில்டர்: உள்ளே வரும் சரக்கைச் சோதிப்பவர். இன்ஜெக்டரின் துளைகள் மிக நுண்ணியவை, ஒரு தூசி போதும் அடைக்க.

ரெயிலும் பிரஷர் ரெகுலேட்டரும்: எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான குழாய் ரெயில். ரெகுலேட்டர் அதில் அழுத்தத்தைச் சீராக, பொதுவாக 3 பார் அளவில் வைத்திருக்கும். அழுத்தம் மாறாமல் இருந்தால்தான் திறந்திருக்கும் நேரத்தை வைத்தே அளவைச் சொல்ல முடியும்.

இன்ஜெக்டர்: இவர்தான் கேஷியர். உள்ளே ஒரு ஊசி, அதைச் சுற்றி மின்காந்தச் சுருள். கரண்ட் வந்தால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் மெல்லிய புகை போலத் தெளிக்கப்படும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் மூடிவிடும். ஐடிலிங்கில் ஒரு தடவைக்கு 2, 3 மில்லி செகண்ட்தான் திறக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வைப்பதுதான் எம்.பி.எஃப்.ஐ. பந்தி ஓரவஞ்சனை முடிந்தது.

த்ராட்டில்: நீங்கள் ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் கூடுகிறது என்று நினைத்தால் தவறு! கூடுவது காற்று. மிதி திறப்பது காற்று வரும் கதவை. பெட்ரோல் அதன் பின்னால் வருகிறது.

சென்சார்கள்: இவர்கள் வவுச்சர் எழுதுபவர்கள். உள்ளே வரும் காற்றின் அளவை அல்லது அழுத்தத்தை ஒருவர் சொல்கிறார். கிராங்க் எந்த நிலையில், எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று ஒருவர். கூலன்ட் எவ்வளவு சூடு என்று ஒருவர். இந்தக் கடைசி ஆள்தான் காணாமல் போன சோக்கின் வாரிசு. "இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது" என்று அவர் சொன்னால் பெட்ரோல் தானாகக் கூடும்.

இ.சி.யு: அக்கவுண்டன்ட். வவுச்சர்களை எல்லாம் வாங்கி, மனப்பாடமாக வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்து, "மூன்றாம் நம்பர் சிலிண்டருக்கு இத்தனை மில்லி செகண்ட்" என்று உத்தரவு போடுகிறது.

கடைசியாக ஒரு ஆடிட்டர்

இதுவரை சொன்னது எல்லாம் பட்ஜெட். உண்மையில் செலவானது என்ன என்று யார் பார்ப்பது? அதற்குத்தான் புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். 1976-ல் கலிஃபோர்னியாவுக்குப் போன வோல்வோ கார்களில் முதலில் வந்தது.

அது ஒரு சிர்கோனியா பீங்கான் துண்டு. நன்றாகச் சூடானதும் அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் கொடுக்கும். கலவை ரிச் என்றால் சுமார் 0.9 வோல்ட். லீன் என்றால் 0.1 வோல்ட். இ.சி.யு அதைப் பார்த்து அடுத்த பட்ஜெட்டைத் திருத்துகிறது. அனல் மின் நிலையக் கொதிகலன்களிலும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்க இதே சிர்கோனியாவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு துல்லியம் எதற்கு? அடுத்து இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக. கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் நல்லதாக மாற ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு நல்லதாக மாற ஆக்சிஜனை இழக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே பெட்டிக்குள் நடக்க, கலவை 14.7-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். மெக்கானிக்கின் காது எவ்வளவு நுட்பமானாலும் நொடிக்கு நொடி அதைச் செய்ய முடியாது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. பெட்ரோலில் ஈயம் இருக்கக் கூடாது. இன்ஜினில் 'நாக்கிங்' வராமல் இருக்க 1920-களில் இருந்து பெட்ரோலில் ஈயக் கலவை சேர்த்து வந்தார்கள். அந்த ஈயம் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் கெடுத்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும். கன்வெர்ட்டரைக் காப்பாற்ற ஈயத்தை எடுத்தார்கள், பிள்ளைகளும் பிழைத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

நம்ம ஊருக்கு எப்போது வந்தது?

இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாப் பெட்ரோலும் அங்கே வந்தது. 1996-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வாகனப் புகை பற்றி வெளியிட்ட அறிக்கை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா 1985-ல் தொடுத்த வழக்கில், 1999 ஏப்ரல் 29-ல் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதிக்கு யூரோ 1, யூரோ 2 விதிகளுக்குக் கெடு வைத்தது. கார் கம்பெனிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு எம்.பி.எஃப்.ஐ-க்கு மாறின. கார்களின் முதுகில் 'எம்.பி.எஃப்.ஐ' என்று பெருமையாக எழுதி ஒட்டிய காலம் அது.

தமிழ்நாட்டுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மாருதி போன்ற கார்களுக்கு கார்புரேட்டர் செய்து கொடுத்த யுகால் நிறுவனம் சென்னையைச் சேர்ந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோவோ முதல் நாளில் இருந்தே எம்.பி.எஃப்.ஐ. பழையதும் புதியதும் ஒரே ஊரைச் சுற்றியே இருந்தன.

ஆனால் நெய்வேலியில் இருந்து பார்த்தால் கதை வேறு மாதிரி. 2000-ல் நாடு முழுவதும் வந்த முதல் கட்ட விதியை கார்புரேட்டரை வைத்தே சமாளிக்க முடிந்தது. எம்.பி.எஃப்.ஐ-யைக் கிட்டத்தட்டக் கட்டாயமாக்கியது பாரத் ஸ்டேஜ் 2. அது சென்னைக்கு 2001-ல் வந்தது. நாடு முழுமைக்கும் 2005-ல்தான். ஸ்டேஜ் 3 சென்னைக்கு 2005, நாடு முழுமைக்கும் 2010. ஸ்டேஜ் 4 சென்னைக்கு 2010, நாடு முழுமைக்கும் 2017. நான்கு வருடம், ஐந்து வருடம், ஏழு வருடம் என்று இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒரு மாநிலத்துக்குள்ளேயே சென்னைக்காரர் நுரையீரலுக்கு ஒரு சட்டம், கடலூர் மாவட்டத்துக்காரர் நுரையீரலுக்கு ஒரு சட்டம்!

பெருநகரங்களில் வண்டிகள் அதிகம், அதனால் அங்கே முதலில் என்பது அரசு தரப்பு நியாயம். சுத்தமான எரிபொருளைத் தயாரிக்க சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நேரமும் பணமும் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் பல ஆயிரம் குடும்பங்கள் வாழும், ஏற்கனவே சுரங்கத் தூசியும் புகைபோக்கியும் உள்ள ஊருக்குக் கடைசி வரிசை என்பது எந்த நியாயம்?

2020 ஏப்ரல் 1-ல் ஸ்டேஜ் 5-ஐத் தாண்டிக் குதித்து ஸ்டேஜ் 6 நாடு முழுவதும் ஒரே நாளில் அமலுக்கு வந்தது. அன்றுதான் அந்த இடைவெளி மூடியது. இரு சக்கர வண்டிகளில் பெரும்பாலானவையும் அப்போதுதான் கார்புரேட்டரை விட்டன. மார்க்கெட்டுக்கு மூட்டை சுமக்கும் டி.வி.எஸ் எக்ஸ்.எல்-க்குக்கூட இன்ஜெக்டர் வந்துவிட்டது. அதே 2020-ல், 1962 முதல் ஓடிய நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையமும் ஓய்வு பெற்றது.

போனதும் வந்ததும்

இதில் இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்க்ரூ டிரைவரும் காதும் மட்டுமே முதலீடாக வைத்துப் பிழைத்த எத்தனையோ மெக்கானிக்குகள், ஸ்கேனர் கருவி வாங்க முடியாமல் ஒதுங்கிப் போனார்கள். பஞ்சர் கடை அளவு இடத்தில் நடந்த தொழில் பெரிய சர்வீஸ் சென்டர்களுக்குப் போய்விட்டது. தாக்குப் பிடித்தவர்கள் புதிதாகப் படித்துத்தான் பிடித்தார்கள். புகை குறைந்ததற்கு ஊரே பலன் அடைந்தது, அதன் விலையை அவர்கள் அதிகமாகக் கொடுத்தார்கள்.

ஆனாலும் இந்த வரலாறு சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. இன்ஜெக்டரை 1937 வாக்கிலேயே விமானத்தில் வைக்கத் தெரிந்திருந்தது. 1957-லேயே எலக்ட்ரானிக் யோசனையும் வந்துவிட்டது. அது சாதாரண மனிதரின் காருக்கு வர, வாங்குபவரும் கேட்கவில்லை, விற்பவரும் அவசரப்படவில்லை. புகையை அளக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தபோதுதான் வந்தது. எந்த ஊருக்குச் சட்டம் தாமதமாக வந்ததோ, அந்த ஊருக்கு நல்ல காற்றும் தாமதமாகவே வந்தது.

அடுத்த முறை காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டால், அந்த அரைச் சொட்டுக்குப் பின்னால் எத்தனை பேர் கணக்குப் பார்க்கிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கூடவே, டேங்கில் கொஞ்சம் பெட்ரோலும் வைத்திருங்கள். பம்ப் பாவம்!